டாக்டரம்மாவிடம் நாங்கள் சொன்ன பொய்கள்

சங்கரா,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். உன் விடுதிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் பாதி பொய். இதில் அந்த வரி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போனில் சொல்லக்கூடிய விஷயம்தானே என்று நீ கேட்பாய். போனில் நீ "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்றதும் என் வாய் தானாக "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடுகிறது. அதன்பிறகு பேச்சு குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். எழுதினால் என்னை நானே நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம். காலையில் மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து என் கை கொஞ்சம் சொன்னபடி கேட்கும். அந்த நேரத்தில் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் எழுதுகிறேன். எழுத எழுத எழுத்து எறும்பு போலச் சிறுத்துக்கொண்டே போகும், பொறுத்துக்கொள். வித்யாவையும் படிக்கச் சொல். என்னைப் போல நடுங்கும் தகப்பனோ தாயோ உள்ள உன் நண்பர்கள் இருந்தால் அவர்களிடமும் கொடு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்ததால் வந்த வினைதான் இந்தக் கடிதமே.

அடுத்த மாதக் கடைசியில் நீயும் வித்யாவும் குழந்தையுமாக வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுகிறீர்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். அந்த வேலைக்கு நீ சரி என்று சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொங்கலுக்கு வந்திருந்தாய். என்னையும் அம்மாவையும் பாளையங்கோட்டைக்கு நரம்பு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாய். எனக்குப் பார்க்கின்சன் என்று அவர் கண்டுபிடித்து அப்போது இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. நீ வளைத்து வளைத்துக் கேள்வி கேட்டாய். இனி எப்படிப் போகும், எவ்வளவு வேகமாகப் போகும், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று. அவரும் பொறுமையாகத்தான் சொன்னார். நோய் ஒன்றுதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போவதில்லை. எந்த வயதில் வந்தது, கைநடுக்கத்தில் தொடங்கியதா நடைத் தடுமாற்றத்தில் தொடங்கியதா, விழுகிறாரா, எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, ஞாபகம் எப்படி, தூக்கம் எப்படி என்று பார்ப்போம். ஒவ்வொன்றும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம் தள்ளும். எதுவும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. "உங்க அப்பாவுக்கு நடுக்கம்தான் முன்னால வந்திருக்கு. நடை நல்லா இருக்கு. ஞாபகம் பிரமாதம். தூக்கத்துல தொந்தரவு இல்லைன்னு அம்மா சொல்லுதாங்க. இதெல்லாம் மெதுவாப் போகும்ங்கதுக்கான அடையாளம்" என்றார். அஞ்சு வருஷத்தில் பெரிய மாற்றம் வருமா என்று நீ கேட்டாய். உறுதி கொடுக்க முடியாது, ஆனால் இப்போதைக்கு அப்படித் தோன்றவில்லை என்றார். வெளியே வந்து காரை எடுக்கும்முன் நீ கம்பெனிக்குப் போன் செய்துவிட்டாய். "அஞ்சே வருஷம்ப்பா, முடிச்சிட்டு வந்திருதேன். நீங்க இப்படியேதான் இருப்பிய" என்று என் தோளைத் தட்டினாய். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி.

பரீட்சை என்றுதான் நான் அதை நினைத்திருந்தேன், சங்கரா. அதில்தான் கோளாறு. அந்த அறையில் டாக்டரம்மா பார்த்த மனிதன் வேறு, வீட்டில் இருக்கிற மனிதன் வேறு. பதினொரு மணிக்கு அவரைப் பார்க்கவேண்டும் என்றால் நான் பத்து மணிக்கு ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வேன். பதினொரு மணிக்குக் கை கால் எல்லாம் எண்ணெய் போட்ட கதவு போல இருக்கும். கடைசி மாத்திரை எப்போது என்று கேட்டால் காலை ஏழு மணி என்பேன். நாலு மணி நேரம் கழித்தும் இவ்வளவு நன்றாக நடக்கிறாரே என்று அவர் எழுதிக்கொள்வார். நன்றாக நடந்து காட்டினால் என்ன கிடைக்கப்போகிறது என்று நீ கேட்கலாம். ஒன்றும் கிடைக்காது. சலவைச் சட்டை போட்டு, விபூதி பூசி, நிமிர்ந்து உட்கார்ந்து, 'பரவாயில்லையே' என்று அவர் சொல்லக் கேட்டுவிட்டு வருவதில் ஒரு திருப்தி. நம் ஊரில் என் வயது ஆண்கள் பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்கு இப்படித்தான் போகிறோம். நோயைக் காட்டப் போவதில்லை. நோய் இல்லை என்று காட்டத்தான் போகிறோம்.

ஞாபகப் பரீட்சையும் அப்படித்தான். அங்கே இருக்கிற பெண் ஐந்து வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்கும். குடை, மாம்பழம், கிணறு, பேருந்து, மஞ்சள். முதல் தடவை எனக்கு மூன்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டு ஐந்தையும் தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்தேன். அடுத்த தடவையும் அதே ஐந்து. அதற்கடுத்த தடவையும் அதே ஐந்து. பொங்கலுக்கு நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நான் கடகடவென்று ஒப்பித்தேனே, "அப்பாவுக்கு என்னைவிட ஞாபகம்" என்று நீ சிரித்தாயே, அது மனப்பாடம். நீ எட்டாவது படிக்கும்போது கணக்குப் பரீட்சைக்கு விடையை மட்டும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போனாய் என்று உன்னை இரண்டு நாள் பேசாமல் தண்டித்தவன் நான். இப்போது நீ என்னோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இருக்கலாம். ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டு இரு.

போன வருஷம் திருச்செந்தூரில் கந்தசஷ்டிக்கு வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். கண் இருண்டது. விழுந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கி உட்காரவைத்து, "விரதமா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதைவிட மரியாதையான காரணம் எனக்கு வேறு கிடைத்திருக்காது. உனக்கும் அதையேதான் சொன்னேன். நீயும் "இந்த வயசுல எதுக்குப்பா விரதம்" என்று கோபித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு குளியலறை வாசலில் ஒரு தடவை, ஜங்ஷனில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஒரு தடவை. ஒன்றுக்குத் தரை ஈரம், ஒன்றுக்கு டிரைவர் அவசரம். டாக்டரம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. பிச்சிப்பூ வாசம் தெரியாமல் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது, அதற்குப் பெயர் பழைய ஜலதோஷம். நோய் நம் வீட்டுக்குள் வந்து ரொம்ப நாளாகிறது, சங்கரா. வரும்போதெல்லாம் அதற்கு ஒரு கௌரவமான பெயரை நாங்கள் வைத்துக்கொண்டே இருந்தோம்.

இவ்வளவும் என் பொய். இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருந்தது, அது எனக்கே தெரியாது. அதை மூன்று வாரத்துக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தேன். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கனவு. யாரோ இரண்டு பேர் கால்வாய் மடையை அடைத்த பலகையைப் பிடுங்குகிறார்கள், நான் கத்திக்கொண்டே ஓடிப்போய் ஒருவனை ஓங்கி அறைகிறேன். கண் விழித்துப் பார்த்தால் அம்மா கண்ணாடி உடைந்து கீழே கிடக்கிறது. அவள் புருவத்திலிருந்து ரத்தம் கன்னம் வழியாக இறங்குகிறது. என் கை இன்னும் ஓங்கியபடி இருக்கிறது. எனக்கு நடந்தது புரியவே சில நிமிஷம் ஆனது. ஆட்டோ பிடித்துத் தெருமுனை ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போட்ட நர்சு எப்படி அடிபட்டது என்று கேட்டதும், உன் அம்மா ஒரு வினாடிகூட யோசிக்காமல், "அலமாரிக் கதவு இடிச்சிட்டும்மா" என்றாள். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா? முதல் தடவை பொய் சொல்கிறவளின் பேச்சு இல்லை அது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவளை உட்காரவைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். நான் விடவில்லை. "இன்னைக்கா நேத்தா? நீங்க வேலையில இருந்த காலத்துலருந்தே இப்படித்தான். தூக்கத்துல கத்துவிய, காலால உதைப்பிய, சில நாள் கை நீளும். நீங்க வேணும்னா செய்யுதிய? கனா காணுதிய, அவ்வளவுதான்" என்றாள். இடுப்புவலி என்று சொல்லி அவள் தரையில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கி எத்தனை வருஷம் ஆகிறது என்று எண்ணிப் பார். நீ வேலைக்குச் சேர்வதற்கு முன்னால். அவ்வளவு வருஷமும் நான் அவள் இடுப்புக்குத் தைலம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவளும் அதை வாங்கித் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க தூங்குவியளா?" என்றாள். டாக்டரம்மா கேட்டார்களே, அவர்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்குத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. "நல்லாருக்கே. பெத்த பிள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, எம் புருசன் என்னை அடிக்காருன்னு ஒரு வேத்து மனுஷிகிட்ட சொல்லச் சொல்லுதியளோ? கேக்கவுக அதைக் கனான்னா எடுத்துக்கிடுவாக?" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. டாக்டரம்மா கேட்டது ஒரு அடையாளத்தைப் பற்றி. கனவில் கை கால் வீசுவது இந்த நோய் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே வரும், அது இருப்பவர்களுக்குப் பின்னால் விழுவதும் ஞாபகம் மங்குவதும் சீக்கிரம் வரலாம் என்று அவர்களுக்குத் தெரியும். உன் அம்மா காதில் விழுந்ததோ வேறு கேள்வி. தன் புருஷனின் பெயரைக் காப்பாற்றச் சொன்னது போல அவளுக்குக் கேட்டிருக்கிறது. "நல்லாத் தூங்குதாங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு பதிலை வைத்து டாக்டரம்மா ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டை வைத்து நீ ஐந்து வருஷத்தை எழுதிக் கொடுத்துவிட்டாய்.

என் வேலையைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. முப்பத்திரண்டு வருஷம் பாசன அலுவலகத்தில் தாமிரபரணிக் கால்வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்று தெரியும். ஒரு கார் நெல் பருவம் மட்டும் உனக்குத் தெரியாது. நீ அப்போது கைக்குழந்தை. அணையில் தண்ணீர் குறைவு. நாற்று நடலாமா வேண்டாமா என்று, கால்வாயின் கடைசியில் வயல் வைத்திருக்கிற கடைமடைக்காரர்கள் அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். கால்வாய் தொடங்குகிற தலைப்பில் ஒரு அளவுகோல் உண்டு. தண்ணீர் அதில் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அதை வைத்து எத்தனை நாளைக்கு எதுவரை பாயும் என்று கணக்குப் போட்டுச் சொல்வோம். அந்த வருஷம் கால்வாயில் பாசி மண்டிக் கிடந்தது. மடை திறந்து மூடுகிற சுடலை என்னிடம் வந்து, "அண்ணாச்சி, தண்ணி ஓடல, பாசி அடைச்சு நிக்கி. கோல்ல தெரியுதது மெய்யில்ல" என்றார். எனக்கும் தெரியும். ஆனால் மேலதிகாரிக்கு நல்ல செய்தி வேண்டியிருந்தது. எனக்கும் அந்த ஜனங்களின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தெம்பில்லை. கோல் காட்டிய உயரத்தை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்றை நடுங்கள் என்றேன். நட்டார்கள். கதிர் வருவதற்கு முன்னால் கடைமடை முழுக்கக் காய்ந்துபோனது.

அதில் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார். அடிக்க வருகிறார் என்று நான் நினைத்தேன். அவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. "இல்லைன்னு சொல்லியிருந்தா நான் உளுந்து வெதச்சிருப்பேம்லா. இல்லைங்கத ஒரு வார்த்தைதான, அதக் கூடவா உம்மால சொல்ல முடியல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று வந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை. தண்ணீர் இல்லாதது என் குற்றமில்லை. அது தெரிந்திருந்தால் அவருக்குச் செய்வதற்கு ஒன்று இருந்தது. அந்த ஒன்றை நான் பறித்துவிட்டேன். உன் அம்மா புருவத்தில் தையலோடு எதிரே உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தப் பெரியவர்தான் ஞாபகம் வந்தார். அதே தப்பை மறுபடியும் செய்திருக்கிறேன், இந்தத் தடவை சொந்தப் பிள்ளைக்கு.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனோம். கூடுதல் மாத்திரை போடவில்லை. சட்டையும் வீட்டுச் சட்டைதான். உள்ளே நுழைவதற்குள்ளேயே என் கால் தரையில் ஒட்டிக்கொண்டது. அம்மா என் முன்னால் ஒரு காலை நீட்டி, "இதைத் தாண்டுங்க, பைய" என்றாள், தாண்டினேன். அது அவளே கண்டுபிடித்த வித்தையாம். எல்லாவற்றையும் சொன்னோம். நான் பாதி, அவள் பாதி. டாக்டரம்மா வள்ளியூர்க்காரர், வயதில் உன்னைவிடச் சின்னவர்தான். கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என் பழைய சீட்டுகளைப் புரட்டினார். "உங்களை மாதிரி எத்தனை பேர் என்கிட்ட நடிச்சிட்டுப் போயிருக்காங்கன்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல" என்றார். பிறகு என்னைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் நன்றாக இறங்கியது. ஞாபகப் பரீட்சைக்கு அந்தப் பெண் வேறு ஐந்து வார்த்தைகளை எடுத்து வந்தது. எனக்கு இரண்டு வந்தது. மூன்றாவது நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். வேகமாகப் போகும் பக்கத்துக்குத் தள்ளுகிற அடையாளங்கள்தான் இப்போது அதிகம். விழுவது, நின்றால் அழுத்தம் இறங்குவது, கனவில் அடிப்பது, ஞாபகம். எல்லாம் ஒருவரிடமே சேர்ந்து இருந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றம் நன்றாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். "நூறு பேரை வச்சுச் சொல்லலாம் சார். அந்த நூறுல நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்றார். பின்னே எதற்கு இதையெல்லாம் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். கேள்வியில் கொஞ்சம் சூடு இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. விழப்போகிறவர் என்று தெரிந்தால் விழுவதற்கு முன்னாலேயே நடைப் பயிற்சி கொடுக்கலாம். அழுத்தத்துக்கு வழி செய்யலாம், படுத்திருந்து பைய எழுந்திருக்கப் பழக்கலாம். கனவுக்கு மாத்திரை உண்டு. எந்த மருந்தைக் கூட்டினால் மனம் குழம்பும் என்று பார்த்துத் தவிர்க்கலாம். வீட்டுக்காரர்கள் பேசவேண்டியதை நேரத்தோடு பேசிக்கொள்ளலாம். கடைசியில் சொன்னதைச் சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

இனிமேல் வரப்போகிற புதுச் சோதனைகள் பற்றிப் பொங்கலுக்கு நீ கேட்டாயே, அதையும் அம்மா ஞாபகமாகக் கேட்டாள். ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் தோலில் எடுக்கிற சின்னத் துண்டிலும் இந்த நோயின் தடயத்தைப் பார்ப்பதற்கு ஆராய்ச்சிகள் நடக்கின்றனவாம். கையில் கட்டுகிற கடிகாரம் போன்ற கருவி நாள் முழுக்க நடையையும் தூக்கத்தையும் கவனித்து எழுதிக்கொள்ளுமாம். இன்றைக்கு அவையெல்லாம் பெரும்பாலும் புது மருந்தைச் சோதிக்கிறவர்கள் ஆட்களைப் பிரிப்பதற்கு உதவுகின்றன. ஒரு நாள் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கைச் சொல்லும் அளவுக்கு அது வளரலாம் என்றார். உன் அம்மா உடனே, "அந்தக் கடியாரத்த அப்பமே கட்டியிருந்தா என்கிட்ட கேட்டிருக்கவே வேண்டாம்லா. நான் பொய் சொன்னாலும் அது சொல்லிருக்கும்" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போதெல்லாம் நான் சிரித்தால் முகத்தில் தெரிவதில்லையாம்.

நீ அனுப்பிய மரபணுச் சோதனைப் பெட்டி பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. உமிழ்நீரைக் குழாயில் துப்பி அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தாய். டாக்டரம்மாவிடம் காட்டினேன். என் வயதில் தொடங்கிய நோய்க்கு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாதபோது, அதில் ஒன்றும் தெரியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். தெரிந்தால் அது என்னைப் பற்றி மட்டும் சொல்லாது. உன்னைப் பற்றியும் சொல்லும், குழந்தையைப் பற்றியும் ஏதாவது சொல்லும். எனக்காகத்தானே அனுப்பினாய்? நீயும் வித்யாவும் உட்கார்ந்து பேசி, உங்களுக்கு அது தெரிய வேண்டும் என்று முடிவு செய்தால் சொல். துப்புகிறேன். எனக்கு அதில் ஆசையுமில்லை, மறுப்புமில்லை. உன் தலைமேல் வருகிற கணக்கை உன்னைக் கேட்காமல் நான் போட மாட்டேன். அந்த ஒரு புத்தியாவது எனக்கு இப்போது வந்திருக்கிறது.

களைப்பாக இருக்கிறது, சங்கரா. நோயைவிட நோயில்லாதவன் மாதிரி இருந்ததுதான் அதிகக் களைப்பு. சட்டைப் பொத்தான் போட இருபது நிமிஷம் ஆகிறது என்பதை மறைக்க இருபது நிமிஷம் முன்னால் எழுந்திருக்கவேண்டும். யாராவது வந்தால் நடுங்குகிற கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொள்ளவேண்டும். காப்பித் தம்ளரை அவர்கள் போனபிறகு எடுக்கவேண்டும், அதற்குள் ஆறிவிடும். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டேன். போன வாரம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்திருந்தபோது காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டே குடித்தேன். அவர் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஃபேனைப் பார்த்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது நாங்கள் தனித்தனிக் கட்டிலில் படுக்கிறோம். என் கட்டிலைச் சுற்றித் தலையணை அடுக்கியிருக்கிறாள். கனவு மாத்திரை கொஞ்சம் கேட்கிறது. அவள் இடுப்புவலி என்று காரணம் சொல்லாமல் தூங்குகிறாள்.

இந்தக் கடிதத்தை அனுப்பக்கூடாது என்கிறாள் அவள். "அவன் பொழப்பக் கெடுக்காதிய. பிள்ளை நல்லா இருக்கட்டும், நாம பாத்துக்கிடுவோம்" என்று மூன்று நாளாக ஒரே பாட்டு. நான் ஒரு தடவை கோபத்தில், "நீ பாத்துக்கிட்டது போதும்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மாத்திரை மட்டும் நேரத்துக்கு வந்தது.

அதனால் நீ என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்கிறேனோ என்று பயப்படாதே. ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. உனக்கு ஐந்து வருஷம் என்பது ஒரே மாதிரியான ஐந்து வருஷமாகத் தெரிகிறது. எனக்கு அப்படி இல்லை என்பதுதான் டாக்டரம்மா சொன்னதில் எனக்கு விளங்கியது. முதல் வருஷத்தில் நான் உன்னோடு பேசுவேன், வாதாடுவேன், உன் பெண்ணுக்குச் சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் சொல்லித் தருவேன். கடைசி வருஷத்தில் நீ வந்து நின்றால் யார் என்று கேட்டாலும் கேட்பேன். நம் ஊர் வழக்கத்தில் அப்பாவுக்கு முடியாமல் போனபிறகுதான் பிள்ளைகள் லீவு போட்டு வருவார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பார்கள், நாலு பேர் பார்த்து மெச்சுவார்கள். எனக்கு அந்த வருகை வேண்டாம். அப்போது என்னைத் தூக்கி உட்காரவைக்க ஒரு நல்ல ஆளை ஏற்பாடு செய், அது போதும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. எனக்கு வேண்டியது முதலில் வருகிற காலம். கம்பெனியில் ஒரு வருஷம் தள்ளிப் போடக் கேட்டுப் பார். முடியாது என்றால் ஆறு மாதம். அதுவும் முடியாது என்றால் போகும்முன் லீவு போட்டு ஒரு மாதம் வந்து இங்கே இரு.

எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது நீ வருகிறேன் என்றாய், வராதே என்றேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷனின்போது வராதே என்றேன். போன தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று நீ வருத்தப்பட்டபோது, பரவாயில்லை, எதற்கு அலைச்சல் என்றேன். ஒவ்வொரு தடவையும் நீ நான் சொன்னபடியே கேட்டாய். உன்மேல் குற்றமில்லை, நான் சொன்னதைத்தானே நீ கேட்க முடியும்? வராதே என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான். எனக்குப் பயமாக இருக்கிறது, சங்கரா. என்னைத் தெரிந்த நானாக இருக்கும்போது உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. வா. உன்னால் முடியாது என்றால் முடியாது என்று எழுது, அதையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் அப்பா கூப்பிடவில்லையே என்று பின்னால் ஒருநாள் நீ சொல்ல முடியாது. கூப்பிட்டுவிட்டேன்.

உன்
அப்பா